மருமக்கள் வரிசையில் ஒரு பெயர்

மியூனிக்
30.08.1992

அன்புள்ள அண்ணா,

நீங்களும் டெல்சி அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்தான். ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு உங்கள் சுகம் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. ஆகவே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

உர்சுலாவை உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஈஸ்டருக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவள். பஸ் ஓட்டுகிறவள். இடியப்பத்தைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டு அண்ணியைச் சிரிக்க வைத்தவள். என்னோடு வீட்டைப் பங்குபோடும் சினேகிதி என்று சொல்லியிருந்தேன். அது அரைவாசி உண்மை. மிச்ச அரைவாசி இதுதான்: புருசனும் பெண்சாதியும் சீவிப்பது போலத்தான் நாங்கள் இரண்டு பேரும் நான்கு வருடமாகச் சீவிக்கிறோம். எழுதிவிட்டேன்.

இந்த மாதம் பத்தொன்பதாம் திகதி ஜேர்மனியில் நகரம் நகரமாக எங்களைப் போன்ற சோடிகள் பதிவுக் கந்தோர்களுக்குப் போய், எங்களுக்கும் கலியாணம் பதியுங்கள் என்று கேட்டார்கள். பெண்ணும் பெண்ணுமாக, ஆணும் ஆணுமாக. நாங்களும் போனோம். நான் அம்மா தந்த நீலச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். கந்தோரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். சட்டத்தில் இடமில்லை, எழுத்தில் பதில் வரும் என்றாள். போன கிழமை வந்தது. ஏலாதாம்.

அந்தக் கந்தோர் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. கலியாணம் பதியப் போகிறவர்களின் பெயர்களை அதற்குள் தொங்கவிடுவார்கள். எங்கள் ஊரில், குருநகர்க் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தல் வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்பார்களே, அதே மாதிரி. எனக்குக் கலியாணத்தைவிட, அந்தப் பெட்டிக்குள் எங்கள் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவேண்டும் என்பதுதான் பெரிய ஆசையாக இருந்தது. தடை சொல்கிறவர்கள் முகத்தைக் காட்டிச் சொல்லட்டும்.

இதையெல்லாம் கட்டுரையாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ‘மறுமொழி’யில் போடுங்கள். என் சொந்தப் பெயரில் போடுங்கள். ஊரில் வாய் திறக்க முடியாமல்தானே இங்கே வந்து பத்திரிகை தொடங்கினீர்கள்.

அன்புடன்,
லவினியா


பீலெஃபெல்ட்
04.10.1992

அன்புத் தங்கச்சிக்கு,

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. கடிதம் வந்து ஒரு மாதமாகியும் பதில் போடாததற்குக் காரணம் கோபம் என்று நினைக்காதே. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தலையங்கம் என்றால் ஒரே இருப்பில் எழுதிவிடுவேன். தங்கச்சிக்கு எழுதப் பேனை ஓடவில்லை.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். கடித உறைக்குள் வைத்துத் தபாலில் போட்டுவிட்டாய். இருந்து அழவும் முடியாமல், ஏசவும் முடியாமல் நான் பாண் சுடும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்தேன். டெல்சிக்குச் சொன்னேன். அவள், “அதுதான் ஈஸ்டருக்கு வந்து ஒரே போர்வையைக் கேட்டவையோ” என்றாள். அவ்வளவுதான்.

கட்டுரை திறம். பொய் சொல்லவில்லை, எங்களுக்கு எழுதுகிற ஆம்பிளைகளில் அரைவாசிப் பேருக்கு இப்படி எழுத வராது. ஆனால் போட முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், கேள். இயக்கத்தைக் கண்டித்து நாங்கள் எழுதியபோது நான்கு பேர் வீட்டுக்கு வந்து, “அண்ணை, உதை இதோடை நிப்பாட்டுங்கோ” என்றார்கள். நிப்பாட்டினேனா? தமிழ்க்கடையில் இதழ்களைக் கிழித்துக் குப்பைக்குள் போட்டார்கள். அடுத்த மாதம் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். அடித்தால் வாங்கலாம் தங்கச்சி. அடி வாங்கியவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இதற்கு அடிக்க மாட்டார்கள். சிரிப்பார்கள். கோயிலில், கடையில், கலியாண மண்டபத்தில், மரியரட்ணத்தின் தங்கச்சி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க ஏலாது.

ஒரு வழி இருக்கிறது. பெயரை மாற்றி, நீ என்று தெரியாமல், ஜேர்மன் சோடி ஒன்றின் கதையாக எழுதித் தா. உலகச் செய்தி என்று உள்பக்கத்தில் போடுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணா


மியூனிக்
11.10.1992

அண்ணா,

கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். ‘எழுதுபவரின் வாயைப் பொத்துவது எங்கள் வேலையல்ல’ என்று ஒவ்வொரு இதழிலும் ‘மறுமொழி’ என்ற பெயருக்குக் கீழே போடுகிறீர்கள். தங்கச்சிமார் நீங்கலாக என்று சேர்த்துவிட்டால் வாசகர்களுக்கு வசதியாக இருக்கும்.

ஒரே போர்வையைக் கேட்டது உண்மைதான். உங்கள் வீட்டில் அன்றைக்கு நல்ல குளிர்.

லவினியா


பீலெஃபெல்ட்
02.06.1994

அன்புத் தங்கச்சிக்கு,

ஒன்றரை வருடமாகத் தொலைபேசியில் அம்மாவின் சுகத்தை மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கும் அம்மாவைப் பற்றித்தான். கொழும்பிலிருந்து வர மூன்று மாத விசா ஒருமாதிரிக் கிடைத்துவிட்டது. ஆடி மாதம் வருகிறா. வந்து இறங்கமுதலே மியூனிக்குக்குப் போகவேண்டும், சின்னவளைப் பார்க்கவேண்டும் என்று நிற்கிறா.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கோபிக்காதே. அம்மா அங்கே நிற்கும் இரண்டு கிழமையும் உர்சுலா தன் தாய் வீட்டில் போய் இருக்கமுடியாதா? அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. செபமாலையும் கையுமாக இருக்கிற மனுசி. போன வருடம் இந்த நாட்டுப் பெரிய நீதிமன்றமே உங்கள் வழக்கை எடுக்கமாட்டோம், கலியாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று சொல்லிவிட்டதாம். பேப்பரில் பார்த்தேன், உன்னை நினைத்தேன். வெள்ளைக்காரனுக்கே விளங்காததை அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவாய்?

அண்ணா


மியூனிக்
21.08.1994

அன்புள்ள அண்ணா,

அம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். இந்நேரம் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பா. உர்சுலா எங்கும் போகவில்லை. தாய் வீட்டுக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு கட்டில்தான் இருக்கிறது என்பதை வந்த அன்றே கண்டா. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் உர்சுலாவின் பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் இருக்கும் சீற்றில் ஏறி இருந்து, போய் வந்து போய் வந்து ஊர் முழுக்கச் சுற்றினா. பிறகு தினமும் அதுதான் வேலை. ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் கதைத்துக் களைத்தவர்கள் மாதிரி வருவார்கள்.

போகிறதுக்கு முதல் நாள் கறித்தூள் வறுத்தா. வீடு முழுக்கத் தும்மல். இரண்டு தகரப் பேணி எடுத்து, ஒன்றில் எங்கள் வழக்கமான தூளைப் போட்டா. மற்றதில் மிளகாயைக் குறைத்து மல்லியைக் கூட்டி வேறாக வறுத்துப் போட்டு, ஒட்டுக் கடதாசியில் ‘உர்சுலா’ என்று எழுதி ஒட்டினா. “அந்தப் பிள்ளைக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளேல்லை. உன்ரை பாட்டுக்கு அள்ளிப் போட்டுச் சமைக்காதை. வீட்டிலை இருக்கிற ஆளைப் பாத்துச் சமைக்கவேணும்” என்றா.

உர்சுலா அந்தப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பெயர் தமிழில் இப்படியா இருக்கும் என்று விரலால் தடவிப் பார்த்தாள். இப்போது பஸ் அட்டவணைக்குப் பின்பக்கமெல்லாம் எழுதிப் பழகுகிறாள். எங்கள் எழுத்தில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

எந்த நீதிமன்றமும் எங்களுக்குத் தராத ஒன்றை அம்மா தூள் பேணியில் எழுதித் தந்துவிட்டுப் போயிருக்கிறா என்று நினைக்கிறேன். என் நினைப்புப் பிழையாகவும் இருக்கலாம். உங்களுக்கு ஏதும் சொன்னாவா?

லவினியா


மியூனிக்
10.03.1996

அண்ணா,

அம்மாவின் மரண அறிவித்தல் வந்த மாசி இதழ் கிடைத்தது. அழகாகக் கட்டம் போட்டு, மேலே சிலுவை வைத்து அடித்திருக்கிறீர்கள். ‘குருநகரைப் பிறப்பிடமாகவும் கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி றோசலின் ஸ்ரனிஸ்லாஸ்.’ வாசித்தபோதுதான் அம்மா உண்மையாகவே போய்விட்டா என்று அழுதேன். சண்டைக்குள் யாருமே கொழும்புக்குப் போய்ச் சவப்பெட்டியில் கைவைக்கவில்லை. எங்களுக்கு மிஞ்சியது இந்தக் கட்டம் ஒன்றுதான்.

பிள்ளைகள் வரிசையில் பிலோமினா அக்கா, நீங்கள், நான். சரி. அதற்குக் கீழே, ‘செல்வராசா, டெல்சி ஆகியோரின் அன்பு மாமியாரும் ஆவார்.’ அவ்வளவுதான்.

தொலைபேசியில் நான் கேட்டேன் அண்ணா. கட்டுரை கேட்கவில்லை, கலியாணம் கேட்கவில்லை. மருமக்கள் வரிசையில் உர்சுலா என்று ஒரு பெயர். யாருடைய பெண்சாதி, யாருடைய புருசன் என்று அந்த வரிசையில் எழுதுவதில்லை. சும்மா ஒரு பெயர். நீங்கள் “ஓம், பாப்பம்” என்றீர்கள். நான் அதை நம்பி அவளுக்குச் சொன்னேன்.

செல்வராசா அத்தான் அக்காவை விட்டுவிட்டுப் போய் ஏழு வருடம். பாரிசில் வேறொருத்தியோடு பிள்ளையும் பெற்றுவிட்டார். அம்மா அவருடைய பெயரைச் சொன்னாலே எழும்பிப் போய்விடுவா. அவர் அன்பு மருமகன். அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றித் திரிந்தவள், சாவுச் செய்தி வந்த அன்று வேலைக்குப் போகாமல் என்னோடு தரையில் இருந்தவள், ஆருமில்லை.

இதழ் வந்தபோது உர்சுலா பக்கத்தில் நின்றாள். எங்கே என் பெயர் என்று ஆசையாகக் கேட்டாள். நீங்கள் செய்ததை அவளுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செல்வராசா என்ற பெயரில் விரலை வைத்தேன். அச்செழுத்து அம்மாவின் கையெழுத்து மாதிரி இருக்காது என்றேன், நம்பிவிட்டாள். அவள் அந்த அறிவித்தலை வெட்டிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

லவினியா


பீலெஃபெல்ட்
02.04.1996

தங்கச்சி,

நீ எழுதியதில் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் என் பக்கத்தையும் பார். மரண அறிவித்தல் கட்டுரை அல்ல, யாரும் தங்கள் கருத்தை எழுதுவதற்கு. அது ஊருக்குச் சொல்வது. தமிழ்க்கடைச் சுவரில் ஒட்டப்படும், கோயிலில் பூசைக்கு முதல் வாசிக்கப்படும். சட்டத்தில் இல்லாத உறவை நான் எப்படி அச்சில் போடுவது? செல்வராசா நாய்ப் பிறவிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கும் அவனுக்கும் இன்னும் விவாகரத்து ஆகவில்லை. சட்டப்படி அவன் மருமகன்.

டெல்சி என்னோடு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. முந்தநாள் அடுத்த இதழை மடிக்கும்போது, “செல்வராசாவைப் போட்ட கைக்கு அந்தப் பிள்ளையைப் போட ஏலாமல் போச்சோ” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனவள்தான்.

நீ அவளுக்கு வேறு பெயரைக் காட்டியிருக்கத் தேவையில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். நான் தூரத்தில்தானே இருக்கிறேன்.

அண்ணா


மியூனிக்
16.06.1996

அண்ணா,

இது கடைசிக் கடிதமாக இருக்கலாம். ஆத்திரத்தில் எழுதவில்லை. ஆத்திரம் முடிந்துவிட்டது.

போன மாதம் உர்சுலா தானே சோறு கறி சமைக்க வெளிக்கிட்டாள். எனக்கு வேலை, நான் முதியோர் இல்லத்தில் நின்றேன். அம்மாவின் பேணியை எடுத்தபோது அதிலுள்ள பெயரையும் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த பெயரையும் ஒருக்கால் பார்த்திருக்கிறாள். முதல் எழுத்தே வேறு. மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பேணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது கறி அடிப்பிடித்திருந்தது, அவள் மேசையில் இருந்தாள்.

சத்தம் போடவில்லை. அது யாருடைய பெயர் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பிறகு சொன்னாள்: “உன் அண்ணன் என் பெயரை எடுத்துவிட்டான், அது அவனுடைய பயம். நீ என்னை வேறு ஒருவனின் பெயருக்குள் ஒளித்து வைத்தாய். நானோ உன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் பெயர் தொங்கவிட வந்தவள்.”

அவளுக்கு நோகக்கூடாது என்றுதான் செய்தேன் என்றேன். நான் சொல்லும்போதே எனக்கு அது உங்கள் குரலாகக் கேட்டது. உங்களைப்போல நானும் சனத்துக்குப் பயந்திருக்கிறேன், உர்சுலா என்ற ஒரேயொரு ஆள் கொண்ட சனத்துக்கு. இந்த நான்கு வருடமும் உங்களை ஏசிய வாயால் இனி என்ன கதைக்க?

நேற்று அவளுடைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். கலியாணம் கட்டாதவர்கள் பிரிவது சுகம். கந்தோரில் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஹம்பேர்க்கில் பஸ் வேலை கிடைத்திருக்கிறது. பேணியைக் கொண்டுபோய்விட்டாள். தரச்சொல்லிக் கேட்க எனக்கு என்ன உரிமை?

லவினியா


பீலெஃபெல்ட்
14.11.1999

அன்புள்ள லவினியாவுக்கு,

நீ என் கையெழுத்தைக் கண்டவுடன் கிழித்துப் போடாமல் இதுவரை வாசித்திருந்தால் அதுவே போதும். மூன்று வருடமாக நத்தாருக்கு அனுப்பிய வாழ்த்து அட்டைகளுக்குப் பதில் இல்லை. நான் கேட்கவில்லை.

‘மறுமொழி’ இந்த இதழோடு நிற்கிறது. யாரும் மிரட்டி நிற்கவில்லை, வாசிக்க ஆளில்லாமல் நிற்கிறது. சனத்துக்கு வானொலி வந்துவிட்டது, தொலைக்காட்சி வந்துவிட்டது. கடைசித் தலையங்கம் எழுத இருந்தேன். ‘பயத்தால் ஒரு வரியைக்கூட நாம் நீக்கியதில்லை’ என்று எழுதியாகிவிட்டது. எழுதிய கையோடு டெல்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்து கத்தரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மேலே வாசிக்க வரவில்லை.

தலையங்கத்தைக் கிழித்துப்போட்டேன். அந்த இடத்தில் என்ன போட்டேன் என்பதை இத்துடன் அனுப்பும் இதழில் பார். முன்பக்கம். வேறொன்றும் இல்லை, இதுதான்:

‘திருத்தம். 1996 மாசி இதழில் வெளியான அமரர் றோசலின் ஸ்ரனிஸ்லாஸ் அவர்களின் மரண அறிவித்தலில், மருமக்கள் வரிசையில் இருந்த உர்சுலா என்ற பெயர் ஆசிரியரால் நீக்கப்பட்டது. கைதவறி விடுபடவில்லை. சனம் சிரிக்கும் என்ற பயத்தில் நீக்கப்பட்டது. உர்சுலா ஆசிரியரின் தங்கை லவினியாவின் துணைவி. அன்னார் அவருக்கும் அன்பு மாமியார் ஆவார். வருந்துகிறோம். மரியரட்ணம்.’

சட்டத்தில் இல்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய்ச்சாட்டு. நாங்கள் எந்தச் சட்டத்தைக் கேட்டு ஒரு வரி எழுதினோம்? ஹம்பேர்க்கில் இந்த வருடம் உங்களைப் போன்ற சோடிகளைப் பதியத் தொடங்கிவிட்டார்களாம், பெயருக்குத்தான், உரிமை ஒன்றும் இல்லை என்று பேப்பரில் கிடந்தது. நாங்கள் ஒரு பெயரைப் போட அதற்குக்கூட அனுமதி தேவைப்படவில்லை. போட்டிருக்கலாம்.

இதழ் போன கிழமை கடைகளுக்குப் போய்விட்டது. சிரித்தார்கள், லவினியா. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நான் காது கேட்கச் சிரித்தார்கள். தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அம்மா உன்னிடமிருந்து திரும்பி வந்தபோது ஏதும் சொன்னாவா என்று அப்போது கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. “சின்னவளுக்கு நல்ல துணை கிடைச்சிருக்கு, இனி நான் யோசிக்கத் தேவையில்லை” என்றா. விளங்காமல் சொல்கிறா என்று நான் நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன்.

உர்சுலாவின் விலாசம் உன்னிடம் இருந்தால் ஒரு பிரதி அனுப்பு. இல்லாவிட்டால் எனக்கு எழுது, நான் தேடி அனுப்புகிறேன்.

அண்ணா


மியூனிக்
13.12.1999

அன்புள்ள அண்ணா,

கிழிக்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் பெயரையும் போட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதை மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் என்று நினைத்து நெஞ்சு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான். அம்மா சொன்னதை இப்போதாவது எழுதினீர்களே, அதற்கு நன்றி.

விலாசம் இருந்தது. உர்சுலா ஹம்பேர்க்கில் இன்னொரு பெண்ணோடு இருக்கிறாள். நீங்கள் பேப்பரில் பார்த்த அந்தப் பதிவு இருக்கிறதே, இந்த வைகாசியில் அதில் அவர்கள் இரண்டு பேருடைய பெயரும் ஏறிவிட்டது. பழைய சினேகிதி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். ஆகவே உங்கள் திருத்தத்தில் ‘துணைவி’ என்று போட்டிருப்பது இன்றைக்குச் சரியில்லை. அன்றைக்குச் சரி. அறிவித்தல் அன்றைக்கு உரியதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அனுப்பினேன். ஜேர்மன் மொழியில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்தேன்: இது என் அண்ணாவிடமிருந்து.

நேற்று தொலைபேசி எடுத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரல். பேணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம், இந்தமுறை எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவாம். தூள் எப்போதோ முடிந்துவிட்டது, மூடியைத் திறந்தால் மணம் இன்னும் இருக்கிறது என்றாள். பிறகு, என் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல் என்று கேட்டாள்.

முழுவதையும் தமிழில் வாசித்தேன். பிறகு ஒவ்வொரு வசனமாக ஜேர்மன் மொழியில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ‘நீக்கப்பட்டது’ என்பதை நீக்கப்பட்டது என்றே சொன்னேன். ‘துணைவி’ என்ற இடம் வந்தது. அதையும் சொன்னேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: “இந்தமுறை உள்ளதைத்தான் வாசித்தாயா?”

ஓம் என்றேன். அவள் குரலில் கோபம் இல்லை, அண்ணா. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறை நினைக்காதே, நம்பவேண்டும் போல்தான் இருக்கிறது, ஆனால் முடியவில்லை என்றாள். அவள் ஓட்டும் பஸ் பாதையில் ஒரு தமிழ்க்கடை இருக்கிறதாம். நாளைக்கு வேலை முடிந்ததும் அங்கே கொண்டுபோய்க் காட்டி, கடைக்காரரை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறாளாம்.

கேள் என்றேன்.

இன்றைக்குத்தான் அந்த நாளை. நீங்கள் ஏழு வருடத்துக்கு முதல் எந்தக் கடைச் சிரிப்புக்குப் பயந்தீர்களோ, அப்படி ஒரு கடைக்குள், முன்பின் தெரியாத ஒருவரின் வாயில் இந்நேரம் எங்கள் குடும்பம் முழுக்க இருக்கும். நான் வேலைக்குப் போகவில்லை. அம்மாவின் செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்த மனிசன் அதைச் சிரிக்காமல் வாசிக்கவேண்டும் என்றுதான் மன்றாடுகிறேன்.

லவினியா